மலாக்கா ஒருநாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை வந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் அந்த விளம்பரம் வந்து விழும். சிவப்புக் கட்டடங்களின் படம், 'தமிழ் வழிகாட்டியுடன் மலாக்கா பாரம்பரியச் சுற்றுலா, காலையில் தேக்காவில் ஏறினால் இரவு வீடு', தலைக்கு 98 வெள்ளி, எல்லா நுழைவுக் கட்டணமும் சேர்த்து. அம்மா, அண்ணி, பிள்ளைகள் என்று குடும்பமாகப் போய்வந்தோம். நடந்ததைச் சொல்கிறேன். பெயர் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, ஏன் என்று கடைசியில் புரியும்.

பணம் அனுப்பிய மறுநாளே முதல் கூத்து. மலேசிய வருகை அட்டையைப் பதிவு செய்ய ஆளுக்கு 8 வெள்ளி கூடுதலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அந்த அட்டையே தேவையில்லை. தேவைப்படும் வெளிநாட்டினரும் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாகவே நிரப்பிக்கொள்ளலாம். இதைச் சொன்னதும், "சரிக்கா, உங்களுக்கு மட்டும் தள்ளுபடி" என்று பதில் வந்தது. கட்டவே வேண்டாத காசுக்குத் தள்ளுபடியாம்! அதே வேனில் வந்த மற்ற குடும்பங்கள் கட்டியிருந்தார்கள்.

ஆமாம், வேன்தான். விளம்பரத்தில் இருந்தது பெரிய சொகுசுப் பேருந்து. வந்து நின்றதோ யாரோ ஒருவருடைய சொந்த வேன். எல்லை தாண்டி வாடகைக்கு ஆள் ஏற்ற உரிமம் இல்லாத வண்டியில் விபத்து நடந்தால் காப்புறுதி கிடைக்காமல் போகலாம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லையில் உள்ள துவாஸ் பாலத்தைத் தாண்டியதும் வழிகாட்டி எல்லார் சட்டையிலும் பச்சை நிறத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டினார். கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க என்றார். முதலில் நிறுத்திய மெத்தைக் கடை வாசலில் நின்ற பெண் அந்த ஸ்டிக்கர்களை விரலால் எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டபோதுதான் கமிஷன் கணக்கு என்று தெரிந்தது. உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு, ரப்பர் மெத்தையில் படுத்தால் முதுகுவலி போய்விடும் என்று நீண்ட பிரசங்கம். அடுத்து காப்பித்தூள் கடை, அதற்கடுத்து டுரியான் மிட்டாய்க் கடை. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 240 கிலோமீட்டர். விடுமுறை நெரிசலில் சோதனைச் சாவடியிலேயே பாதிக் காலை போய்விடும். மிச்ச நேரத்தைக் கடைகள் விழுங்கிவிட்டன.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்றில்தான். அம்மா வந்ததே ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலைப் பார்க்க. 1781இல், டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில், மலாக்கா செட்டிகள் கட்டியது. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிய தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். அந்தப் பக்கம் நடந்தாலே கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும். பயணத் திட்டத்தில் முதல் இடமே இந்த விநாயகர் கோயில்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. "சின்னக் கோயில்தாம்மா, உள்ளே பார்க்க ஒன்றுமில்லை" என்றார் வழிகாட்டி. பூட்டிய கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா கும்பிட்டுக்கொண்டிருக்க, அவர் வேன் ஹாரனை அடிக்கச் சொல்கிறார்.

அப்புறம் கோட்டை. வேனுக்குள்ளேயே ஆளுக்கு 25 ரிங்கிட் கேட்டு வசூல். எல்லாம் சேர்த்துத்தானே 98 வெள்ளி என்றேன். இது அரசாங்கக் கட்டணம், தனி, ரசீது கிடையாது என்றார். இறங்கிப் பார்த்தால், 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் கட்டிய அ ஃபமோசாவில் மிச்சமிருக்கும் ஒற்றை வாயில் அது. கோட்டையை 1807 வாக்கில் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த வாயில் தப்பியது என்பார்கள். கதவு இல்லை, சீட்டு விற்கும் கூண்டு இல்லை. ஐஸ்கிரீம் தின்றுகொண்டே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் அதன் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. மேலே குன்றில் கூரையில்லாமல் நிற்கும் செயின்ட் பால் தேவாலயமும் அப்படித்தான், யாரும் ஏறிப் பார்க்கலாம்.

நிஜமாகவே காசு கேட்கும் இடங்கள் வேறு: ஸ்டாட்ஹவுஸ் அருங்காட்சியகம், ஆற்றுப் படகு, தாமிங் சாரி கோபுரம், கப்பல் வடிவக் கடல்சார் அருங்காட்சியகம். இவற்றில் ஒன்றுக்குள்ளும் கூட்டிப் போகவில்லை. கப்பலை மட்டும் ஓடும் வேனிலிருந்து கைகாட்டி, "போர்ச்சுகீசியர் வந்த கப்பல் இதுதான்" என்றார். மலாக்காவில் அள்ளிய செல்வத்தோடு ஃப்ளோர் டெ லா மார் என்ற அந்தப் போர்ச்சுகீசியக் கப்பல் 1511லேயே சுமத்ரா பக்கம் மூழ்கிவிட்டது. நிற்பது மாதிரிக் கப்பல். என் அண்ணன் மகன்கூட அங்கிருந்த பலகையைக் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

விளம்பரத்தில் போட்டிருந்த ஜோங்கர் தெரு இரவுச் சந்தையும் புருடாதான். அது வழக்கமாக வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் நடப்பது. எங்கள் பயணம் செவ்வாய்க்கிழமை. பொம்மையும் பாட்டுமாக ஜோடித்த டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறுவோருக்கு ஒரு வார்த்தை: தொகையைச் சொல்லும்போதே ரிங்கிட்டா சிங்கப்பூர் வெள்ளியா, வண்டிக்கா ஆளுக்கா என்று கேட்டுவிடுங்கள். அண்ணியிடம் 40 என்று சொல்லி ஏற்றி, இறங்கும்போது 40 வெள்ளி என்றார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. சிங்கப்பூரில் வெளிநாட்டுச் சுற்றுலா விற்பவருக்குப் பயண முகவர் உரிமம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். இவர்கள் பெயர் அங்கே இல்லை. பணம் அனுப்பிய பேநவ் சேவையில் தெரிந்ததும் நிறுவனப் பெயரல்ல, தனியாள் பெயர். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு, எதற்கெல்லாம் கட்டணம் சேர்ந்திருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குரல் பதிவை வைத்துக்கொண்டு பிறகு வாதாடுவது பெரும்பாடு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். புகாரைக் கைவிட்டால் 'நல்லெண்ணத் தொகை' 60 வெள்ளி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டு, உரையாடல்களின் படங்களோடு பயனீட்டாளர் சங்கத்திடம் போயிருக்கிறேன். சரிவராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளிதான், வழக்கறிஞரும் வேண்டாம். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

போன வாரம் அதே சிவப்புக் கட்டடப் படத்தோடு அதே எண்ணிலிருந்து புது விளம்பரம் வந்திருக்கிறது. நிறுவனப் பெயர் வேறு. இந்த முறை தலைக்கு 108 வெள்ளி.