அரிய ஆங்கிலச் சொற்கள்: வேர்ப் புத்தகமா, பட்டியலா, தலையங்கமா, அட்டையா?

2017 மே மாதம் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்ற சொல்லைப் போட, ஆளாளுக்கு அகராதியைத் தேடி ஓடினார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத கண்டபடிக் கலவை என்று பொருள். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். அன்று அதைத் தெரிந்துகொண்ட பலருக்கு இன்றும் பொருள் நினைவிருக்கும். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியத்தில் எழுதியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பார்த்தால் புரிவது ஒரு படி, எழுதும்போது தானாகக் கைக்கு வருவது இன்னொரு படி. சொல்வளம் பெருக்க நம் ஊரில் பரிந்துரைக்கப்படும் வழிகளை இந்த இரண்டையும் வைத்தே பார்க்கிறேன்.

முதலில் வேர்ச்சொல் வழி. நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' 1949-இல் வந்தது. இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் கண்ணில் படுகிறது. லத்தீனில் பேசுவதைக் குறிக்கும் வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், வாயாடியைச் சொல்லும் 'லொக்வேஷஸ்', சொல்வன்மையைச் சொல்லும் 'எலக்வென்ட்', தனக்குத்தானே பேசும் 'சொலிலக்வி', உதடு அசையாமல் பேசும் 'வென்ட்ரிலக்விஸ்ட்' என்று ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்துகொள்ளும். தெரியாத சொல்லைப் பார்த்ததும் வரும் பயத்தைப் போக்குவதில் இதற்கு இணையான வழி இல்லை.

ஆனால் அரைகுறையாகத் தெரிந்த வேர் ஆளைக் கவிழ்த்துவிடும். 'எனர்வேட்' என்பதைப் பார்த்தால் 'எனர்ஜி' ஞாபகம் வரும். பொருளோ நேர்மாறு, தெம்பை உறிஞ்சிவிடுவது. 'நாய்சம்' என்ற சொல்லுக்கும் இரைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. அது குடலைப் புரட்டும் நாற்றத்துக்குச் சொல்வது. 'பெடஸ்ட்ரியன்' சொல்லில் இருக்கும் 'பெட்' லத்தீனில் பாதம், 'பெடகாக்' சொல்லில் இருப்பது கிரேக்கத்தில் குழந்தை. அப்புறம், 'ரை', 'கான்ட்', 'ப்ளீக்' மாதிரியான குட்டிச் சொற்களிடம் இந்த வழி கையை விரித்துவிடும். கதை, கட்டுரைகளில் அதிகம் தடுக்குவது இந்தக் குட்டிகள்தான்.

அடுத்தது பட்டியல் மனப்பாடம். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிப்பவர்கள் நம்பிய 'பேரன்ஸ்' வழிகாட்டிப் புத்தகத்தின் சொற்பட்டியலைக் கையில் எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'அபேட்', 'அப்ஜூர்', 'அப்ராகேட்' வரை தண்ணீர் பட்ட பாடு, 'சி' எழுத்தைத் தாண்டியவர்கள் அபூர்வம். அகரவரிசையே இதன் சாபக்கேடு. முகஜாடை ஒத்த 'அட்வர்ஸ்', 'அவர்ஸ்' இரண்டையும் ஒரே நாளில் படித்தால் ஒன்று இன்னொன்றின் பொருளைத் தின்றுவிடும். ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. அந்த ஜிஆர்இ தேர்வு எதிர்ச்சொல்லைத் தனியாகக் கேட்டது. 2011 ஆகஸ்டில் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு, வாக்கியத்தில் கோடிட்ட இடம் நிரப்புவதற்கு மாறினார்கள். பட்டியல் பாதி மதிப்பை அன்றே இழந்தது. மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுகளில் ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் எல்லாம் இன்னும் வருகின்றன. அதற்கு மட்டும் என்றால் பட்டியல் போதும், சங்கடப்படவேண்டியதில்லை.

மூன்றாவது, நம் வீடுகளில் அப்பாக்கள் சொல்லிச் சொல்லி அலுத்த வழி: "ஹிண்டு எடிட்டோரியல் படி." 1878-இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை, தலைமுறை தலைமுறையாக இங்கே ஆங்கில வாத்தியார் வேலையும் சேர்த்துப் பார்க்கிறது. இதில் கிடைக்கும் பெரிய லாபம், ஒரு சொல் யாரோடு சேர்ந்து நடமாடுகிறது என்பது தெரிவது. 'சாங்ஷன்' என்றால் லிஃப்கோ அகராதி கையில் உள்ளவர் அனுமதி என்று முடித்துக்கொள்ளலாம். தலையங்கத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் அதையே போட்டால், அது பொருளாதாரத் தடை. எது எப்போது என்பதைச் சுற்றியுள்ள சொற்கள்தான் காட்டும்.

குறையும் உண்டு. தலையங்கத்தில் வரும் 'இம்பாஸ்', 'லக்யூனா' எல்லாம் அரசியல், சட்டச் சரக்கு. ஒருவர் முகம் சுளிப்பதற்கோ, மழை பிசுபிசுப்பதற்கோ அங்கே சொல் தேடக் கூடாது, அதற்குக் கதைப் புத்தகம் வேண்டும். தகுதி விஷயமும் இருக்கிறது. நூறு சொல்லுக்கு 98 தெரிந்து, அகராதி இல்லாமல் செய்தித்தாளோ நாவலோ வாசிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்கு. ஒரு பத்திக்குப் பத்துச் சொல் தெரியவில்லை என்றால் தலையங்கத்தை மடித்து வைத்துவிட்டு, சிறுவர் நாவலில் ஆரம்பிப்பது உத்தமம்.

கடைசியாக அட்டை, அதாவது முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதிய 'ஃப்ளாஷ் கார்டு'. மறதி எப்படி ஏறுகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் எழுதினார். அந்த மறதியை முந்திக்கொள்ள இடைவெளி விட்டு விட்டுப் புரட்டுவதுதான் தந்திரம். 2006-இல் வந்த 'ஆன்க்கி' செயலி அதைக் கணினியிலும் கைப்பேசியிலும் செய்ய உதவுகிறது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு.

ஆயத்த அட்டைக் கட்டை இறக்கிக்கொண்டால், அதுவும் பழைய பட்டியல்தான், திரையில் வருகிறது, அவ்வளவே. நீங்களே வாசித்த வாக்கியத்தை அட்டையாக்கிப் பாருங்கள். முன்பக்கம் அந்த வாக்கியம், சொல் இருந்த இடத்தில் கோடு, முதல் எழுத்து மட்டும். பின்பக்கம் 'எக்ஸாஸர்பேட்', கீழே ஒரு வரிப் பொருள்: இருக்கும் கேட்டை இன்னும் மோசமாக்குதல். அதற்கும் கீழே அது சேரும் கூட்டாளிகள்: நெருக்கடி, பதற்றம், வலி. நல்ல விஷயத்தோடு இந்தச் சொல் சேராது என்பதும் அந்த வரியிலேயே விளங்கிவிடும். பொருளைப் பார்த்துத் தலையாட்டாமல் சொல்லை நாமே வரவழைக்கவேண்டியிருப்பதால், எழுதும்போது கைக்கு வருவது இந்த வழியில்தான் அதிகம்.

தினம் ஒரு சொல்லைத் தள்ளிவிடும் அறிவிப்புச் செயலிகளைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. காலையில் பார்த்து, காபி ஆறுவதற்குள் மறப்பதற்கு அவை நல்ல வழி.

என் ஓட்டு, வாசிப்பில் பிடித்த சொல்லை அட்டையில் போடும் கூட்டணிக்கு. தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்பவர் பட்டியலோடு வேர்ப் புத்தகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். நிதானமாகப் படிப்பவருக்கு வேர்ப் புத்தகம் துணைக்கு இருந்தால் போதும். அட்டையில் ஒரே எச்சரிக்கை, பாக்கி. ஆர்வக் கோளாறில் நாளுக்கு முப்பது சொல் ஏற்றிவிட்டு நாலு நாள் திறக்காமல் விட்டால், ஐந்தாம் நாள் நூற்றுக்கணக்கில் குவிந்து நிற்கும், பலர் செயலியையே அழிப்பது அன்றுதான். நாளுக்கு ஐந்து போதும். அதுவும் சேர்ந்துவிட்டால், பாக்கி தீரும்வரை புதுச் சொல் எதையும் ஏற்றாதீர்கள்.