ஐபோனா, ஆண்ட்ராய்டா? அப்டேட்டை வைத்து ஓர் ஒப்பீடு

விலையையும் கேமராவையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அப்டேட்டைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

எப்போது வரும்?
ஐபோன்: ஆப்பிள் வெளியிட்ட அன்றே. 2015இல் வந்த 6எஸ், ஐஓஎஸ் 9இல் தொடங்கி 15 வரை பார்த்துவிட்டது.
ஆண்ட்ராய்டு: கூகுளிடமிருந்து சிப் நிறுவனம், போன் நிறுவனம் என்று கைமாறி வர வேண்டும். 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் வந்த, சிப் நிறுவனத்தின் மென்பொருளை ஆண்ட்ராய்டிலிருந்து தனியே பிரித்துவைக்கும் டிரெபிள் திட்டம் இழுபறியைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 போன்களுக்கு 7 ஆண்டு அப்டேட் உறுதி உண்டு. மலிவு போன்களில் மாடலுக்கு மாடல் மாறும்.

அப்டேட் நின்றபின்?
ஆண்ட்ராய்டு: குரோம் பிளே ஸ்டோர் வழியே தனியாகப் புதுப்பிக்கப்படுவதால் இன்னும் சில ஆண்டு தாக்குப்பிடிக்கும்.
ஐபோன்: ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி ஐஓஎஸ்ஸோடு கட்டுண்டது. வேறு பிரவுசர் போட்டாலும் (ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் நீங்கலாக) உள்ளே இருப்பது சஃபாரியை இயக்கும் அதே வெப்கிட் எஞ்சின்தான். பெருமை பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை!

விலை: சொல்லவே வேண்டாம், ஆண்ட்ராய்டு.

ஆறேழு ஆண்டு ஒரே போனை வைத்திருப்பவருக்கு ஐபோன் அல்லது பிக்சல். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுபவர் ஐபோனுக்குச் செலவழிப்பது வீண். இருபதாயிரம் ரூபாய்க்குள் புதுப் போன் என்றால் ஆண்ட்ராய்டுதான். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.