சீலிங் லைட் மாற்ற வந்தவர் ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டுப் போனார்: பெங்களூரில் இருப்பவர்கள் கவனிக்கவும்

விவேக் நகரில் ஒரு வாடகை வீடு. ஹாலில் பழைய ஃபிட்டிங்கை எடுத்துவிட்டு 20 வாட் எல்இடி மாட்ட ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். ஹால் லைட் எரிந்தது, ஆனால் பெட்ரூம் லைட் போய்விட்டது. "உள்ள வயர் கருகிடுச்சும்மா, வீடு முழுக்க ரீவயரிங் பண்ணணும், 22,000 ஆகும்" என்றார். வீட்டுக்கார அம்மா தயங்கியதும் "சரி, இப்போதைக்கு ஏதாவது பண்றேன்" என்று பெட்ரூம் லைட்டை எரியவைத்தார். உடனே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்தது. "இது பழுது" என்று அதையும் மாற்றி, 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பில் கிடையாது.

அந்த வீட்டில் ஒரு வயர்கூடக் கருகவில்லை. ஹால் சீலிங் பாக்ஸில் கறுப்பு வயர் இரண்டு இருந்தன. ஒன்று டிபியிலிருந்து (வீட்டின் மெயின் ஸ்விட்ச் பெட்டி) வரும் நியூட்ரல், மற்றது அங்கிருந்து பெட்ரூம் லைட்டுக்குப் போவது. பழைய ஃபிட்டிங்கில் இரண்டும் சேர்த்து முறுக்கப்பட்டிருந்தன. இவர் ஒன்றை மட்டும் புது ஃபிட்டிங்கில் கொடுத்துவிட்டு, இன்னொன்றுக்கு டேப் சுற்றி மேலே தள்ளிவிட்டார். பழைய வீடுகளில் இப்படி லூப் எடுத்திருப்பது சகஜம். அதனால் கழற்றும் முன்பே எந்த வயர் எதோடு சேர்ந்திருக்கிறது என்று மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் உயிருக்கே ஆபத்தானது. பெட்ரூம் லைட்டுக்கு நியூட்ரலாகப் பச்சை வயரை, அதாவது எர்த்தை, கொடுத்துவிட்டார். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. வீடுகளில் போடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி அந்த அளவு வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும். 230 வோல்ட்டில் 20 வாட் லைட் குறைந்தது 87 மில்லிஆம்பியர் எடுக்கும். அது முழுவதும் எர்த் வழியாகப் போனால் விழாமல் என்ன செய்யும்? பழுது என்று சொல்லப்பட்ட ஆர்சிசிபி சரியாகத்தான் வேலை செய்தது. அதைக் கழற்றிவிட்டு, அதே அளவில் இருக்கும் சாதாரண ஐசொலேட்டரை, அதாவது கசிவைக் கவனிக்காத வெறும் ஆன்-ஆஃப் ஸ்விட்சை, மாட்டிவிட்டார். இந்த நிலையில் எர்த் வயர் எங்காவது விட்டுப்போனால், பெட்ரூம் ஸ்விட்சைப் போட்டதும் அந்த எர்த்தில் சேர்ந்திருக்கும் கீசர், வாஷிங் மெஷின் பாடியிலெல்லாம் ஷாக் அடிக்கும்.

உங்கள் டிபியை இன்றைக்கே திறந்து பாருங்கள். ஆர்சிசிபியில் ஆங்கிலத்தில் 'T' என்று போட்ட சின்ன பட்டன் இருக்கும், அழுத்தினால் விழ வேண்டும். பட்டனே இல்லையென்றால் அது ஐசொலேட்டராகவோ எம்சிபியாகவோ (லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ மட்டும் விழுவது) இருக்கும்.

லைட் மாற்றியபின் பக்கத்து ரூம் லைட் எரியவில்லையா? அந்த லைட்டின் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, ஃபிட்டிங்கின் இரண்டு முனையிலும் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் எரிந்தால் பேஸ் வருகிறது, நியூட்ரல்தான் விட்டிருக்கிறது. மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்டும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அது வராது. மெயினை ஆஃப் செய்து (ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, லூப்பில் பேஸ் இருக்கலாம்), கரண்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்தபிறகு, புதிதாக மாட்டிய ஃபிட்டிங்கின் பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு கறுப்பையும் ஃபிட்டிங்கின் நியூட்ரலையும் ஒரே மூன்று வழி கனெக்டரில் போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். வெறும் முறுக்கல், மேலே டேப் என்பதெல்லாம் வேண்டாம், சூட்டில் டேப் பசை விட்டுவிடும். பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே கைவைக்காமல், வயர்மேன் பெர்மிட் உள்ளவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று இதைச் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிந்தால், ஸ்விட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய ஆர்சிசிபியை எடுத்துப்போக விடாதீர்கள். அதுவும், பாக்ஸின் படமும், யுபிஐ ரசீதும் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிவு செய்யலாம்.