கொழும்பில் ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கொழும்பில் இசைத்தட்டுக் கேட்கிற ஆட்கள் திரும்பவும் கூடிக்கொண்டு வருகிறார்கள். பரணில் கிடந்த டேர்ன்டேபிள்கள் கீழே இறங்குகின்றன, அப்பா காலத்து எல்பிகள் தூசு தட்டப்படுகின்றன. எனக்கு அதில் நிறையச் சந்தோஷம். ஆனால் இந்த ஆட்களைக் குறிவைத்து ஒரு மோசடியும் நடக்கிறது. எம்சி (மூவிங் காயில்) காட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்குகிற சின்னப் பாகம், அதற்கான ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபோமர் என்று சொல்லி, பளபளக்கும் அலுமினியப் பெட்டிக்குள் ஏதோ ஒன்றை வைத்து, பெரிய காசுக்கு விற்கிறார்கள். நானும் காசு கொடுத்து வாங்கினேன். உள்ளே என்ன இருந்தது, அது என் தட்டுகளின் ஒலியை என்ன செய்தது என்பதை விவரமாக எழுதுகிறேன். முறைப்பாடு போயிருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. பெட்டியை அடையாளம் காண்பதற்கு நான் சொல்லப்போகும் விவரங்களே போதும்.

என்னிடம் இருப்பது டெனன் டிஎல்-103. யப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிலையத்துக்காக 1960களின் தொடக்கத்தில் உருவான காட்ரிட்ஜ், இன்றைக்கும் அதே பெயரில் வருகிறது. அது தரும் மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ற்தான். சாதாரண எம்எம் (மூவிங் மக்னெற்) காட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ற் வரை தரும். அம்ப்ளிஃபயரில் டேர்ன்டேபிளைப் பூட்டுகிற ஃபோனோ உள்ளீடு அந்த அளவை எதிர்பார்த்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே எம்சி காட்ரிட்ஜுக்கும் அம்ப்ளிஃபயருக்கும் நடுவே அழுத்தத்தை உயர்த்த ஒன்று தேவை. அதற்குத்தான் ஸ்டெப்-அப். டிஎல்-103இன் உட்தடை 40 ஓம். எம்சி காட்ரிட்ஜுகளில் இது கூடுதலான அளவு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வருகிற எல்லாமே அதைச் சுற்றித்தான்.

காலி வீதிப் பக்கம், வீட்டோடு சேர்ந்த சின்னக் காட்சியறை ஒன்றில்தான் வாங்கினேன். விளம்பரத்தில் யப்பான் தயாரிப்பு, மியூ-மெட்டல் (காந்தப் புலத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும் உலோகக் கலவை) கோரும் உறையும், 3 ஓம், 40 ஓம் என்று இரண்டு நிலை ஸ்விட்ச் என்று போட்டிருந்தது. இப்படி ஸ்விட்ச் உள்ள பழைய யப்பான் பெட்டிகள் உண்மையிலேயே உண்டு. தடை குறைந்த காட்ரிட்ஜுக்கு 3 ஓம் பக்கம், டிஎல்-103 போன்றவற்றுக்கு 40 ஓம் பக்கம். நேரில் போய்த்தான் கேட்டேன்.

"அண்ணை, என்னட்ட இருக்கிறது டிஎல்-103. 40 ஓம் பக்கம் போட்டால் ரேஷியோ எவ்வளவு?"

"ஒண்டுக்குப் பத்து, தம்பி. டிஎல்-103க்கெண்டே செய்த சாமான். யோசிக்காமல் கொண்டு போங்கோ."

ரேஷியோ என்றால் அழுத்தத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்பது. டெனன் இந்தக் காட்ரிட்ஜுக்கென்று விற்ற ஏயு-300எல்சி ட்ரான்ஸ்ஃபோமரும் 1:10தான். அவர் சொன்ன எண் சரியான எண். அதை அவர் தெரிந்துகொண்டே சொன்னார் என்பதுதான் எனக்கு இப்போதும் ஆறாத கோபம். தெரியாமல் பிழையான சாமானை விற்கிறவரோடு கதைத்துச் சரிக்கட்டலாம். இவர் சரியான பதிலைப் பாடமாக்கி வைத்துக்கொண்டு பிழையான பெட்டியை நீட்டியவர்.

வீட்டில் பூட்டிப் போட்டதும் சத்தம் நன்றாகவே கூடி வந்தது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். சத்தம் கூடினால் காது முதலில் அதை நல்லது என்றே எடுத்துக்கொள்ளும். வொலியூமைக் குறைத்து, பழைய ஏற்பாட்டோடு சமப்படுத்தி, எனக்குப் பழக்கமான ஒரு வீணை எல்பியைப் போட்டேன். மீட்டுகிற விரல் தந்தியை விட்டு விலகும்போது வருகிற அந்தக் கூர்மை இல்லை, நாதம் மட்டும் மொத்தையாக வந்தது. பின்னால் ஓடுகிற தம்பூரா ஏறக்குறையக் காணாமலே போய்விட்டது. மிருதங்கத்தில் வலந்தலை கேட்டது, ஆனால் மங்கலாக. தொப்பியின் கும்கியோ அடி இல்லாத வெறும் தட்டலாகிவிட்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, நடுப்பகுதி மட்டும் ஊதிப்போய் நிற்கிறது. இவ்வளவுக்கும் மேலே ஓர் உறுமல். பெட்டியைக் கையால் கொஞ்சம் திருப்பினால் உறுமல் கூடுகிறது, மற்றப் பக்கம் திருப்பினால் குறைகிறது. எர்த் பிழையாக இருந்தால் பெட்டியைத் திருப்புவதால் அது மாறாது. திசைக்குத் திசை மாறுகிறது என்றால், பக்கத்தில் இருக்கிற மோட்டரிலிருந்தும் பவர் ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்தும் வரும் 50 ஹேர்ட்ஸ் காந்தப் புலத்தை அந்தப் பெட்டி அப்படியே உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். மியூ-மெட்டல் உறை போடுவதே அதைத் தடுக்கத்தான்.

விற்றவருக்கு அழைத்தேன். "உங்கட காட்ரிட்ஜ் பழுது தம்பி, ஊசி தேஞ்சிருக்கும். என்னட்டப் புதுசு ஒண்டு இருக்கு, வந்து எடுங்கோ" என்றார். ஊசியை நுண்நோக்கியில் பார்த்த படத்தையே அனுப்பினேன். அதற்குப் பிறகு பதில் இல்லை. வேறு இலக்கத்திலிருந்து எடுத்தபோது, "விற்ற சாமான் திருப்பி எடுக்கிறதில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் வானொலியும் அம்ப்ளிஃபயரும் திருத்துகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வால்வு வானொலிக் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். அவரிடம் கொண்டுபோனேன். அடிப்பக்கத்து ஆணிகளைக் கழற்றி மூடியை எடுத்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, விளக்கைக் கிட்ட இழுத்து என்னையே பார்க்கச் சொன்னார். தீப்பெட்டி அளவில் இரண்டு சின்ன ட்ரான்ஸ்ஃபோமர்கள். மேலே அச்சடித்திருந்த எழுத்து உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருந்தது, தேய்த்த கோடுகள் அப்படியே தெரிந்தன. மியூ-மெட்டல் உறை என்று சொன்ன இடத்தில் செப்பு ஒட்டுநாடா சுற்றி, சூட்டுப் பசை ஊற்றியிருந்தார்கள். 50 ஹேர்ட்ஸ் காந்தப் புலத்தை மெல்லிய செப்புத் தாள் தடுக்காது. அப்புறம் அந்த ஸ்விட்ச். நடுக் காலிலிருந்து ஒரு வயர் ட்ரான்ஸ்ஃபோமருக்குப் போகிறது. பக்கக் கால்கள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து ஈயம் வைத்திருந்தார்கள். அதாவது 3 ஓமில் போட்டாலும் 40 ஓமில் போட்டாலும் பாதை ஒன்றுதான். முன்பக்கத்தில் அழகாக எழுதியிருந்த இரண்டு எண்களும் வெறும் எழுத்து.

பெரியவர் சிக்னல் ஜெனரேட்டரில் 400 ஹேர்ட்ஸ் வைத்து, முதற்சுருளில், அதாவது காட்ரிட்ஜ் பூட்டுகிற பக்கத்தில், 20 மில்லிவோல்ற் கொடுத்தார். வெளியே போகிற பக்கமான துணைச்சுருளில் 720 மில்லிவோல்ற் வந்தது. ரேஷியோ 1:36. ஸ்விட்சை மாற்றினார், அதே 720.

"தம்பி, இது உன்ட காட்ரிட்ஜுக்கு ஆகாது. அவனுக்கும் அது தெரியும். தெரியாட்டி இந்தக் கம்பியை இதில வச்சு ஒட்டியிருக்க மாட்டான்" என்றார்.

1:36இல் என்ன பிழை, கூடுதலாகப் பெருக்கினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. விற்பவர்கள் அந்த எண்ணத்தை வளர்த்தும் விடுகிறார்கள். ட்ரான்ஸ்ஃபோமர் தானாக எந்தச் சக்தியையும் சேர்ப்பதில்லை. அழுத்தத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறதோ, அதன் வர்க்க அளவுக்குச் சுமையைக் காட்ரிட்ஜின் தலையில் ஏற்றுகிறது. ஏற்றத்தில் சைக்கிளுக்குப் பெரிய கியரைப் போட்ட மாதிரிதான், கால் திணறிப்போகும். கணக்கு லேசானது. ஃபோனோ உள்ளீட்டின் 47,000 ஓமை ரேஷியோவின் வர்க்கத்தால் வகுத்தால், காட்ரிட்ஜ் பார்க்கிற சுமை வரும். இந்த ஓம் எண் குறையக் குறையப் பாரம் கூடும். 1:10 என்றால் நூறால் வகுக்கவேண்டும், 470 ஓம். உட்தடை 40 ஓம் உள்ள காட்ரிட்ஜுக்கு அது சுகமான சுமை. 0.3 மில்லிவோல்ற் ஏறக்குறைய 2.8 ஆகி வெளியே வரும், எம்எம் உள்ளீட்டுக்கு அது போதும். 1:36 என்றால் 1,296ஆல் வகுக்கவேண்டும், சுமை 36 ஓமுக்கு இறங்கிவிடும். காட்ரிட்ஜின் உட்தடையைவிடச் சுமை குறைவு! காகிதத்தில் 10.8 மில்லிவோல்ற் வரவேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் காட்ரிட்ஜுக்குள்ளேயே விழுந்துபோய், ஏறக்குறைய 5.1தான் வெளியே வருகிறது.

இழப்பு சத்தத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை. இவ்வளவு உயர்ந்த ரேஷியோவுள்ள ட்ரான்ஸ்ஃபோமரின் முதற்சுருளில் சுற்றுகள் குறைவு, ஆகவே அதன் தூண்டலும், அதாவது கீழ்ச்சுருதியைத் தாங்கும் திறனும், குறைவு. 2, 3 ஓம் காட்ரிட்ஜுக்கு அது போதும். 40 ஓமை அதன் முன்னால் வைத்தால் கீழ்ச்சுருதிகள் அதற்குள் விழுந்து காணாமல் போகின்றன. தொப்பியின் அடி போனது அப்படித்தான். மேல்பக்கமும் அடிபடுகிறது. ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து அம்ப்ளிஃபயருக்குப் போகிற கேபிளின் மின்கொள்ளளவு (மேல்சுருதியை விழுங்குவது இதுதான்), காட்ரிட்ஜின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே 1,296 மடங்காகிவிடும். சாதாரணமான 200 பிகோஃபாரட் கேபிள் ஏறக்குறைய கால் மைக்ரோஃபாரட் ஆகிறது. தம்பூராவின் மேல்நாதம் அதைத் தாண்டி வருமா?

1:36 என்ற எண்ணே கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. 1959இல் வந்த ஓர்ட்டஃபோன் எஸ்பியு போன்ற, உட்தடை மிகக் குறைந்த காட்ரிட்ஜுகளுக்கு 1:20, 1:30 பொருத்தமானதே. டிஎல்-103க்கே 1:20 போட்டு, 117 ஓம் சுமையில் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் ருசி. உட்தடைக்குப் பத்து மடங்கு அளவில் சுமை இருந்தால் பயமில்லை, இரண்டு மூன்று மடங்குக்கு இறங்கும்போது காதால் கேட்டு முடிவெடுக்கவேண்டும், உட்தடைக்கும் கீழே போனால் தொடவே கூடாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். டிஎல்-103ஆர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்றாலும் அதன் உட்தடை 14 ஓம். ஒன்றுக்கு விற்றதை மற்றதற்கும் சரி என்று சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

இதைவிட மோசமான கதை தெகிவளை நண்பருடையது. அவர் பாவிப்பது எம்எம் காட்ரிட்ஜ். அதற்கு ஸ்டெப்-அப் தேவையே இல்லை. "இதைப் போட்டால் ஒலி திறக்கும்" என்று சொல்லி அவருக்கும் என்னிடம் விற்றவரே இதே பெட்டியை விற்றிருக்கிறார். 47,000 ஓம் சுமைக்காகச் செய்த காட்ரிட்ஜ் 36 ஓமில் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது, மேல்சுருதிகள் மங்கிப்போகின்றன. அவர் பாட்டுக்குத் தட்டெல்லாம் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, நல்ல நல்ல எல்பிகளை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவே வயிறு எரிந்தது.

வாங்கப் போகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன், அந்த இடத்திலேயே ரேஷியோவை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் இல்லாவிட்டால் கைபேசியில் டோன் தருகிற செயலி போதும், 400 ஹேர்ட்ஸ் வையுங்கள், வொலியூமை நன்றாகக் குறைத்து முதற்சுருளுக்குக் கொடுத்து, மல்ரிமீற்றரின் ஏசி மில்லிவோல்ற் நிலையில் இரண்டு பக்கத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். ஸ்விட்ச் இருந்தால் ஒவ்வொரு நிலையிலும் அளக்கவேண்டும், எண் மாறாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மீற்றரை ஓம் நிலையில் வைத்து "இந்தா பாருங்கோ 40 ஓம்" என்று யாராவது காட்டினால் நம்பவேண்டாம். அது கம்பியின் டிசி தடை, பெட்டியில் எழுதியிருக்கிற 40 ஓம் எந்தக் காட்ரிட்ஜுக்கு என்பதைக் குறிக்கிறது, இரண்டும் வேறு. அந்த டிசி மின்னோட்டம் நல்ல கோரைக் காந்தமாக்கிவிடவும் கூடும். காட்ரிட்ஜின் கால்களில் ஓம் மீற்றர் வைக்க யாரையும் விடாதீர்கள், உள்ளே இருப்பது தலைமயிரைவிட மெல்லிய கம்பி. அப்புறம், ஸ்டெப்-அப்பை எம்எம் உள்ளீட்டில்தான் பூட்டவேண்டும். எம்சி உள்ளீட்டில் பூட்டச் சொல்கிற விற்பனையாளருக்குத் தொழில் தெரியாது, அல்லது உங்கள்மேல் அக்கறை இல்லை.

பற்றுச்சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். எனக்குத் தந்ததில் "ஓடியோ சாமான் 1" என்றுதான் இருந்தது. அதிர்ஷ்டவசமாக அந்த விளம்பரத்தின் படமும், 1:10 என்று அவர் எழுதி உறுதிசெய்த வட்ஸ்அப் செய்தியும் என்னிடம் இருந்தன. பெரியவர் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பொய் விவரம் சொல்லிப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அவர்களின் அழைப்பு இலக்கம் 1977.

அலுமினியப் பெட்டி, முன்பக்கத்தில் கறுப்பு எழுத்தில் 3 மற்றும் 40, நடுவில் வெள்ளி நிற ஸ்விட்ச், அடியில் எந்தத் தொடர் இலக்கமும் இல்லை. இது உங்களிடம் இருந்தால் இன்றைக்கே திறந்து ஸ்விட்சின் பக்கக் கால்களைப் பாருங்கள். கம்பி சேர்த்திருந்தால் ஒரு படம் எடுத்துவையுங்கள், வாங்கிய திகதியையும் பாருங்கள். முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும்.