தஞ்சாவூர் போனால் எதை வாங்குவது: படமா, சிலையா, விளக்கா?

போன வருடம் தை மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போயிருந்தோம். புது வீட்டுக்குக் குடிபோய் ஆறு மாதமாகியும் கூடம் மொட்டையாகவே கிடந்தது. பொம்மையும் தட்டுமாகப் பத்துச் சாமான் அள்ளி வராமல், நல்லதாக ஒன்றே ஒன்று வாங்குவது என்று கிளம்பும்போதே பேச்சு. மனைவிக்குத் தஞ்சாவூர்ப் படம் வேண்டும். எனக்குச் சுவாமிமலை நடராஜர் மேல் கண். அம்மா விளக்கு என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் வாயே திறக்கவில்லை. கடைசியில் வீட்டுக்கு வந்தது நாச்சியார்கோயில் குத்துவிளக்குதான். எப்படி வந்தது என்பதைச் சொன்னால், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டிய இடம். நான் சொல்வதில் பாதி அந்தக் காற்றை வைத்துச் சொல்வது. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருப்பவர்களுக்குக் கணக்கு மாறலாம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்விடுங்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால், கடையில் இருப்பதில் எது நன்றாக வந்திருக்கிறது, எது அவசரத்தில் முடித்தது என்பது ஓரளவு தானாகத் தெரிகிறது. முக்கியமாக விரல்களைப் பாருங்கள். நல்ல வார்ப்பில் விரல் தனித்தனியாக உயிரோடு இருக்கும். சுமாரான வேலையில் நாலு விரலும் ஒட்டி வாழைச்சீப்பு மாதிரி நிற்கும்.

பெரிய கோயிலைச் சுற்றியும் அரண்மனைப் பக்கமும் எல்லாக் கடையிலும் ‘புவிசார் குறியீடு’, அதாவது இந்தப் பொருள் இந்த ஊருக்கே உரியது என்கிற அரசுப் பதிவு, என்ற வார்த்தை காதில் விழும். தஞ்சாவூர் ஓவியம், தட்டு, தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை, சுவாமிமலை வெண்கலச் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு என்று எல்லாவற்றுக்கும் அது உண்டு. ஆகவே எதை வாங்குவது என்று முடிவுசெய்ய அது உதவாது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பொருள் அங்கேதான் செய்ததா என்பதையும் அந்த வார்த்தை மட்டும் சொல்லிவிடாது.

சின்னவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். தலையாட்டி பொம்மை குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு; உடைந்தால் அழுகை ஒரு நாள், அவ்வளவுதான். நெட்டி வேலை பார்க்கப் பார்க்க ஆச்சரியம். குளத்தில் வளரும் செடியின் தண்டை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றைச் சீவிச் சீவிப் பெரிய கோயிலையே கட்டிவிடுகிறார்கள். தூக்கினால் கனமே இல்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டியை விட்டு அதை வெளியே எடுக்க முடியாது. ஆறு மணி நேரப் பயணத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. தட்டு, அதாவது பித்தளைத் தட்டில் செம்பும் வெள்ளியுமாகச் சாமி உருவம் புடைத்து நிற்கும் அந்த வட்டத் தட்டு, பெரும்பாலும் நினைவுப் பரிசாகக் கைமாறுவது. நான் வாங்கி வைத்ததில்லை. அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்: வெள்ளி கறுத்துவிட்டது, அவர் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சரஸ்வதியின் முகத்தில் மூக்கு மழுங்கிவிட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று அவரே சொன்னார்.

போட்டி படத்துக்கும் சிலைக்கும் விளக்குக்கும்தான்.

படத்தின் அழகைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மராட்டிய மன்னர்கள் காலத்தில், அதிலும் இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான காலத்தில் செழித்து வளர்ந்த கலை. இதைப் பலகைப் படம் என்றே சொல்வார்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் கோந்தும் குழைத்துப் பூசி, நகையும் தூணும் வளைவும் வர வேண்டிய இடத்தில் அதே கலவையைக் கெட்டியாக வைத்துப் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, மேலே தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டுகிறார்கள். அசல் தங்க ரேக்காக இருந்தால் எத்தனை வருடமானாலும் மங்காது. போலி ரேக்கு கொஞ்ச வருடத்தில் கறுக்கும், பச்சை பூக்கும். அதனால் கடையில் முதல் கேள்வி ரேக்கைப் பற்றியதாகவே இருக்கட்டும். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

தங்கம் நிலைக்கும், சரி. அதற்குக் கீழே இருப்பது? என் அத்தை வீட்டில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணர் படம் இருந்தது. குளியலறைக்கு அடுத்த சுவரில் மாட்டியிருந்தார்கள், கூடத்தில் உட்கார்ந்தால் நேரே தெரிய வேண்டும் என்று. இரண்டு மழைக்காலம் தாண்டியது. ஓதம் ஏறிய சுவர் பலகையை நனைத்து, பூச்சு உப்பி, கிருஷ்ணரின் இடுப்புப் பக்கம் ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. கண்ணாடிக்குள்ளே சட்டத்தின் அடியில் மூன்று சிவப்புக் கற்கள் உருண்டு கிடந்ததை நானே பார்த்தேன். படத்தை அசைத்தால் கலகலவென்று சத்தம். வரைகிறவரிடம் கொண்டுபோய்ச் சரிபண்ணினார்கள். நன்றாகத்தான் செய்து கொடுத்தார். ஆனால் புதிதாக ரேக்கு ஒட்டிய இடம் மட்டும் தனியாகப் பளபளத்தது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் என் கண் முகத்துக்குப் போவதில்லை, இடுப்புக்குத்தான் போகிறது.

படமே வேண்டும் என்பவர்கள் உள்சுவராகப் பார்த்து மாட்டுங்கள். நேர் வெயில் படக் கூடாது. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சின்னக் கட்டை வைத்துச் சுவரோடு ஒட்டாமல் காற்று போக இடம் விடுங்கள். காய்ந்த ஊரில், நல்ல சுவரில், படம் தலைமுறை தாண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் சுவர்தான் அப்படிப்பட்டதில்லை.

மறுநாள் கும்பகோணம் வந்து, அங்கிருந்து சுவாமிமலை. ஸ்தபதிகளின் பட்டறைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. கேட்டால் நின்று பார்க்க விடுகிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம். அளவுக்கு ஸ்கேல் கிடையாது. தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்தே தாளக் கணக்கு, அதாவது சிலையின் உறுப்புகளுக்கான அளவுக் கணக்கு, பார்க்கிறார்கள். மெழுகின் மேல் காவிரி வண்டல் மண் பூசி, காயவைத்து, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அச்சு அத்தோடு போச்சு. அதனால் ஒரு சிலை மாதிரி இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. நடராஜரைப் பார்த்துவிட்டு நான் கிட்டத்தட்ட பர்ஸை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். “வாங்கு, வேண்டாங்கல. கொண்டுபோய் வெச்சா சாமிக்குச் செய்ய வேண்டியதச் செய்யணும். காலைல எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஓடுறீங்க. யாருடா செய்வா?”

ஷோகேஸில் வைக்கத்தானே என்றேன். பதில் வரவில்லை. வீட்டில் எந்த அளவுச் சிலை வைக்கலாம், நைவேத்தியம் தினமும் வேண்டுமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அவர்களுக்குச் சிலை இந்த மூன்றிலும் சுலபம், உலர்ந்த துணியால் தூசு தட்டினால் போதும் என்றார் அந்தப் பட்டறைக்காரர். நான் வைத்துப் பழகியதில்லை என்பதால் அவர் வார்த்தையை அப்படியே தருகிறேன். வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள். அதை வெளியே கொண்டுபோக முடியாது. புதுச் சிலைதான் என்றாலும் விமான நிலையத்தில் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

நாச்சியார்கோயில் கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது. அங்கே கோயிலில் கல் கருடனைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் விளக்குக் கடைகள்தான். அங்கே ஒரு பட்டறைக்குள் போனோம். மண்ணில் அச்சு எடுத்துப் பித்தளையை ஊற்றி, கடைசல் பிடித்து, அரம் போட்டு முடிக்கிறார்கள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று நான்கும் தனித்தனி. எல்லாம் திருகில்தான் சேருகின்றன.

நான் வரிசையாக நின்ற விளக்குகளில் எது பளபளப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயதான பத்தர் ஒருவர், விளக்கு செய்கிறவர், பக்கத்தில் வந்தார். “தம்பி, விளக்க நிக்க வெச்சுப் பாக்காதீங்க. கழட்டிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, அவரே ஒன்றைப் பிரித்துச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். அடிப்பாகத்தைக் கவிழ்த்துக் காட்டினார். உள்பக்கம் சொரசொரவென்று, அரம் போட்ட கீறலோடு இருந்தது. வார்த்தது என்றால் அப்படித்தான் இருக்கும். தகட்டை அழுத்திச் செய்த விளக்கில் உள்ளேயும் வழுவழுப்பாக, வெளியில் இருக்கிற மேடு உள்ளே பள்ளமாக இருக்கும். தூக்கினாலே கனத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது திருகு. இதுதான் விளக்கின் உயிர் என்று இப்போது தெரிகிறது. தண்டு எண்ணெய்த் தட்டின் நடுவே ஏறுகிற இடத்தில் மரை சரியில்லை என்றால், ஊற்றிய எண்ணெய் தண்டு வழியாக இறங்கிக் கோலத்தை நனைத்து, தரையில் பிசுக்காகிவிடும். மரை லூஸாக இருந்தால் விளக்கே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அவர் இரண்டு விளக்கைப் பூட்டி, தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, “காபி குடிச்சுட்டு வாங்க” என்றார். வந்து பார்த்தால் ஒன்றின் தண்டில் ஈரக்கோடு. அதை ஒன்றும் சொல்லாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். மற்றதை நாங்கள் வாங்கினோம். இரண்டரை அடி, எட்டுக் கிலோவுக்கு மேல். விலை எடைக்குத்தான்; வேலைப்பாடு கூடினால் கூலி கூடும்.

நான் முடிவை மாற்றியது அந்தச் சாக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான். படத்துக்கு ஒன்று ஆனால் வரைகிறவரைத் தேடிப் போக வேண்டும். தட்டு கறுத்தால் தேய்க்கவும் பயம், தேய்க்காமல் விடவும் பயம். விளக்குக்கு என்ன ஆனாலும் அடுப்படியில் இருப்பதே போதும். கடல்காற்றில் பித்தளை நிற்குமா என்று கேட்பீர்கள். நிற்காது. பத்து நாளில் மங்கிவிடுகிறது. ஆனால் புளியும் உப்பும் போட்டுப் பத்து நிமிடம் தேய்த்தால் வாங்கின அன்றைய நிறம் திரும்பி வருகிறது. கழுவிய உடனே துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும், முக்கியமாகத் திருகுப் புரிகளில். அங்கே தண்ணீர் நின்றால்தான் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் முதலில் வெந்நீர், அப்புறம் புளி. கடைகளில் பளபளப்புக்காக மேலே லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சு பூசிய விளக்கும் விற்கிறார்கள். ஏற்றாமல் அலங்காரத்துக்கு வைப்பதானால் அது சரி. ஏற்றினால் சூட்டில் பூச்சு திட்டுத் திட்டாகப் பழுப்பேறும், புளிக்கும் அசையாது.

வீடு மாற்றினால் நான்காகப் பிரித்துப் பழைய வேட்டியில் சுற்றினால் முடிந்தது. நாங்கள் ரயிலில் கொண்டுவந்ததும் அப்படித்தான். விற்பதைப் பற்றி யோசிப்பவர்களுக்கு: பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொள்ளாத பாத்திரக்கடை இல்லை. கூலி போய்விடும், உலோகத்துக்கு உண்டானது வரும். புதுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தால் அந்த அளவாவது கிடைக்குமா என்று கேட்டபோது கடைக்காரர் சிரித்தார்.

மனைவிக்கு இன்னமும் படத்தின் மேல்தான் ஆசை. கூடத்துச் சுவர் இன்றைக்கும் மொட்டைதான். விளக்கு தரையில் நிற்கிறதே தவிர, சுவரை அடைக்கவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், போன ஆடியிலிருந்து தட்டுக்குக் கீழே உள்ள திருகில் லேசாகக் கசிவு. கழுவிக் கழுவிப் புரி தேய்ந்ததா, நான் இறுக்கிப் பூட்டியதாலா, சொல்லத் தெரியவில்லை. அம்மா மரையில் திரிநூலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டிக் கொடுத்தார். இப்போதைக்கு நின்றிருக்கிறது.