38,000 ரூபாய்க்கு வயரிங்கை 'சுத்தம்' செய்து தந்தார்கள்: பிராஜெக்ட் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியதில் பாதி வெளியே சொல்ல முடியாத வார்த்தைகள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு இன்று காலையில் மறுபடி எழுதுகிறேன். கோபம் மட்டும் குறையவில்லை.

கடை பெயரைப் போடப்போவதில்லை, கேட்காதீர்கள். கோவைப் பக்கம், ரேஸ் கார், ராலி கார் வயரிங் செய்வதாகக் குட்டிக் குட்டி வீடியோ போடும் கடை. அதுவரைதான் சொல்வேன். என்னிடமிருந்து போனது 38,000 ரூபாய். உங்களுக்கும் போகாமல் இருக்கக் கடைசியில் பத்து யோசனை சொல்கிறேன்.

வண்டி 2001 மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர், 16 வால்வ் எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே விடும் இன்ஜின். பெரியப்பா ஓட்டிய வண்டி. ஒன்பது வருஷம் ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருந்தது. 85 குதிரைத்திறன், எடையும் ஏறக்குறைய 900 கிலோதான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் என்றைக்காவது ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் எடுத்து வந்தேன். பின் சீட், கார்பெட், ஏசி எல்லாம் நானே கழற்றினேன். மிச்சம் நின்றது வயரிங்.

இல்லாத ஏசிக்கு வயர், இல்லாத ஸ்பீக்கருக்கு வயர், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், பின் கண்ணாடி ஹீட்டர். போதாததற்குப் பெரியப்பா எந்தக் காலத்திலோ போட்ட திருட்டு அலாரம். அது மட்டுமே ஒரு குருவிக்கூடு. தேவையில்லாததை எடுத்துவிட்டால் நாளைக்கு ஒரு கோளாறு வந்தாலும் தேடுவது சுலபம்.

இது எப்படிச் செய்ய வேண்டிய வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் எரிச்சல். வண்டியின் வயர்களை ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிய கட்டுக்குப் பெயர் ஹார்னஸ். அதில் ஒரு வயர் நேராக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதில்லை. நடுவில், டேப்புக்கு அடியில், நாலைந்து வயர் ஒரே ஜாயிண்டில் சேரும். ஏசியின் எர்த்தும் இன்ஜின் சென்சாரின் எர்த்தும் அங்கே பங்காளிகளாக இருக்கலாம். அதனால் டேப்பை முழுக்க உரித்து, பலகையில் விரித்து, வயரிங் படத்தைப் பக்கத்தில் வைத்து, வேண்டாத வயரைக் கப்ளரிலிருந்து (வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு) அதன் உலோகப் பின்னோடு உருவி, ஜாயிண்ட் வரைக்கும் போய், அங்கே அதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கட்டிங் பிளேயரைக் கையில் எடுக்கிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். பொறுமைதான் வேண்டும், எனக்கு நேரம் இல்லை. பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம், வீட்டுக்கு வரவே ராத்திரி ஒன்பது ஆகிறது. சரி, தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவோம் என்று போனேன்.

நான் விழுந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு பிளைவுட் பலகை. அதில் வரிசையாக ஆணி அடித்து, ஒரு ஹார்னஸை மரக்கிளை போல விரித்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கிளை முனையிலும் வெள்ளை டேப், அதில் நீல மையில் குண்டு குண்டாக எழுத்து: 'இன்ஜெக்டர் 3', 'பம்ப் ரிலே', 'டைனமோ எல்'. அந்த 'எல்' எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவில் (ஆல்டர்னேட்டர்) அந்த ஒற்றை வயர் எதற்கு என்று தெரிந்த ஆள் இங்கே இருக்கிறார் என்று நினைத்தேன்.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு வயரைக்கூட வெட்டமாட்டோங்ணா. எல்லாம் பின் எடுத்துதான். கழட்டுனதெல்லாம் கப்ளரோட பையில போட்டு உங்ககிட்டயே குடுத்துருவோம்." டீ வாங்கிக் கொடுத்தார். நான் கேட்காமலேயே பத்து நாள் கெடு சொன்னார். 20,000 முன்பணம், முடிந்ததும் 18,000. யுபிஐயில் அனுப்பியபோது வேறு யாரோ பெயர் வந்தது. "மச்சான் கணக்குங்ணா" என்றார். பில் கேட்டதற்கு "கடைசியில மொத்தமாப் போட்டுக்கலாம்" என்றார். அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள் முப்பத்தெட்டு நாள் ஆனது. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாள் என்று மனைவி கணக்குச் சொன்னாள்.

வண்டி வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பளபளவென்று கறுப்பு டேப், மெலிந்த ஹார்னஸ். செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட் ஆனது. மீதி 18,000 ரூபாயை அங்கேயே அனுப்பினேன். கழற்றிய வயர்களும் கப்ளர்களும் எங்கே என்று கேட்டேன். "பையன் எடுத்து வெச்சிருக்கான், நாளைக்குக் குடுத்து விடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடம் ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். சூடான வண்டி, ஆனால் பெட்ரோல் நாற்றம், பின்னால் கறுப்புப் புகை. அப்புறம் ஹெட்லைட் மங்கியது, இன்ஜின் இருமியது, நின்றது. மல்டிமீட்டர் வைத்தால் பேட்டரியில் 11.4 வோல்ட். யாரோ தள்ளிவிட்டு ஸ்டார்ட் ஆனபோதும் மீட்டர் ஏறவில்லை. டைனமோ வேலை செய்தால் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். டோயிங் வண்டிக்கு 2,500. அதை 38,000 கணக்கில் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டு டேப்பை உரித்தேன். முதல் அரையடியிலேயே தெரிந்துவிட்டது. ஹார்னஸுக்கென்று துணி டேப் போலச் சூடு தாங்கும் டேப் இருக்கிறது. இவர்கள் சுற்றியிருந்தது வீட்டு ஸ்விட்ச் போர்டுக்கு ஒட்டும் பிவிசி இன்சுலேஷன் டேப். ஒரே ஓட்டத்தின் சூட்டில் பசை கசிந்து விரலில் கருப்பட்டிப் பாகு போல ஒட்டியது. உள்ளே ஜாயிண்டுகள்: கிரிம்ப் (அழுத்தி இறுக்கும் உலோக முனை) இல்லை, சால்டர் இல்லை. வயரை உரித்து, கையால் இரண்டு முறுக்கு முறுக்கி, ஒரு சுற்று டேப். 17 எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. ஒரு இடத்தில் வெட்டிய வயரின் செம்பு முனை மூடாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பிவிட்டு மீட்டர் வைத்தேன், 12 வோல்ட். அது பாடியில் தொட்டிருந்தால் பியூஸ் போயிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 சொருகியிருந்தார்கள். பியூஸுக்கு முன்னால் வயர் எரிந்திருக்கும்.

கறுப்புப் புகைக்கும் காரணம் கிடைத்தது. ஏசி வயரை வெட்டும்போது, அதே ஜாயிண்டில் இருந்த, இன்ஜின் சூட்டை அளக்கும் கூலண்ட் சென்சாரின் எர்த்தையும் வெட்டி, பிறகு முறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். இன்ஜின் சூடாக ஆக அந்த சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும். ஒழுங்கில்லாத முறுக்கு தன் பங்குக்கு ரெசிஸ்டன்ஸைக் கூட்டினால், கொதிக்கிற இன்ஜினை இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) குளிர்ந்த இன்ஜின் என்று நம்பும், பெட்ரோலை அள்ளி ஊற்றும். பிளக் நாலும் அடுப்புக்கரி.

டைனமோ? மீட்டரில் பேட்டரி விளக்கு ஒன்று எரியுமே, அதன் வயரை வெட்டியிருந்தார்கள். 'தேவையில்லாத இண்டிகேட்டர்' என்று நினைத்திருப்பார்கள். அந்த விளக்கின் வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போய் அதை எழுப்புகிறது. அது டைனமோவில் வந்து சேரும் முனைக்குப் பெயர்தான் 'எல்'. பலகையில் குண்டு எழுத்தில் எழுதியிருந்த அதே எல்.

போன் செய்தேன். முதல் நாள், "எலக்ட்ரீஷியன் ஊருக்குப் போயிருக்காருங்ணா." இரண்டாம் நாள், "பழைய வண்டிங்ணா, டைனமோ போயிருக்கும், புதுசு வாங்கிக் குடுங்க, மாட்டித் தர்றோம்." படங்களை அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நாலாம் நாள், "இசியு அடி வாங்கியிருக்கும், அதுக்கு நாங்க பொறுப்பில்ல." ஐந்தாம் நாள், நான் டேப்பைப் பிரித்துவிட்டேனாம், அதனால் 'வாரண்டி' போய்விட்டதாம். வாரண்டி என்று ஒன்று இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர்கள் வீடியோவுக்குக் கீழே நடந்ததை நாலு வரி எழுதினேன். பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை.

நேற்று நேரிலேயே போனேன். முதலாளி இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் இருந்தான். கழற்றிய வயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். "அதெல்லாம் செம்புக் கடைக்குப் போயிருச்சுங்ணா." கப்ளர்? "அதுவும்தான்." இந்த வண்டிக்கு அந்தக் கப்ளர்கள் இன்றைக்குத் தேடினாலும் பழைய வண்டி உடைக்கும் இடத்தில்தான் கிடைக்கும். சுவரில் அந்தப் பலகை அப்படியே இருந்தது. இதை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். "அது முன்னாடி இருந்த அண்ணன் பண்ணுனதுங்ணா. அவர் நின்னு ஒன்றரை வருசம் ஆச்சு. வீடியோவுக்கு நல்லா இருக்குன்னு எடுக்கல."

வீட்டுக்கு வந்து மிச்ச ஹார்னஸை எடுத்துக்கொண்டு மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். கொடுப்பதற்கு முன்பு அதே தராசில் நிறுத்திருந்தேன். எடையில் குறைந்திருந்தது 4 கிலோ 300 கிராம். 38,000 ரூபாய்க்கு.

பத்து யோசனை என்றேன், இப்போது எனக்குப் பத்து வரவில்லை. பில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள், வேறு பெயரில் இருக்கும் கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு கப்ளரையும் பியூஸ் பாக்ஸையும் போட்டோ எடுங்கள். புது டேப் சுற்றும் முன் உரித்த நிலையில் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மீதிப் பணம் தரும் முன் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள், அதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. நல்ல வேலையைப் பார்த்தால், அதைச் செய்தவர் இப்போது எங்கே என்று கேளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்கிறார்கள். பில் இல்லை, யுபிஐ ரசீதில் மச்சான் பெயர். வாட்ஸ்அப் பேச்சு மட்டும் இருக்கிறது, வக்கீல் நண்பர் ஒருவரிடம் காட்டியிருக்கிறேன். அதற்கிடையில் மொட்டை மாடியில் ஒரு பிளைவுட் பலகை போட்டு ஆணி அடித்திருக்கிறேன். அந்தப் பழைய எலக்ட்ரீஷியன் எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால் தனியாகச் சொல்லுங்கள். பையனுக்கு அவர் போன வழி தெரியவில்லை.