உடம்பில் செல் பீஸ் உள்ளவருக்கு எம்ஆர்ஐ: ஸ்கான் நிலையத்தை எதை வைத்து எடைபோடுவது?

எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவர் ஸ்கான் நிலையத்துக்குக் கோல் எடுத்தால் முதலில் கேட்பது காசையும் திகதியையும்தான். யுத்தத்தில் வெடித்த எறிகணையின் துண்டு, அதாவது செல் பீஸ், உடம்பில் கிடக்க வன்னியில் இருந்து போகிறவர் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "உடம்பில செல் பீஸ் கிடக்கு. நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"எத்தனை, எங்கே, எந்த வருஷம் பட்டது, கண்ணிலயோ தலையிலயோ காயம் இருந்ததா, பழைய எக்ஸ்ரே இருக்கா" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நம்பிப் போகலாம். "அது கனகாலமாச்சுத்தானே, ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக் கையோடு திகதி கொடுக்கிற இடத்தை, மெஷின் எவ்வளவு புதிதென்றாலும், விட்டுவிடுங்கள். "பீஸ் இருந்தால் எடுக்கவே ஏலாது" என்று கதவைச் சாத்துவதும் சரியான சேவை அல்ல. இது எக்ஸ்ரேயைப் பார்த்து, துண்டு கிடக்கிற இடத்தைப் பார்த்து ரேடியோலொஜிஸ்ட் (படங்களை வாசிக்கிற வைத்தியர்) எடுக்க வேண்டிய முடிவு.

சிக்கல் எம்ஆர்ஐ மெஷினுக்குள் இருக்கிற பெரிய காந்தத்தில்தான். பெரும்பாலான நிலையங்களில் உள்ள மெஷின் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கிற அலகு) வலுவுள்ளது. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு அது. −269 பாகை செல்சியஸில் திரவ ஹீலியத்தில் அமிழ்ந்திருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், படம் எடுக்காத நேரத்திலும், கரண்ட் போன நேரத்திலும்கூடக் காந்தம் உயிரோடுதான் இருக்கும். இழுவை அறை முழுக்க ஒரே அளவாக இராது. கதவடியில் ஒன்றும் தெரியாது, குழாய் வாயை நெருங்க நெருங்கத் திடீரென்று கூடும். செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தம் அதை இழுக்கும், அதைவிட முக்கியமாக, புலத்தின் திசைக்குத் திருப்பப் பார்க்கும். ஈயமும் செம்பும் மட்டும் சேர்ந்த துப்பாக்கிச் சன்னத்தைக் காந்தம் பிடிக்காது. ஆனால் உள்ளே உருக்குக் கூர் வைத்த சன்னங்களும் உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும், எந்த உலோகம் என்று படம் சொல்லாது.

தொடையிலோ முதுகுத் தசையிலோ பல வருடங்களாகக் கிடக்கிற துண்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகியிருக்கும். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு, வைத்தியர் பார்த்துச் சம்மதித்தபின், பிரச்சினையில்லாமல் ஸ்கான் எடுக்கலாம். கண், மூளை, முள்ளந்தண்டுக்குள் உள்ள நரம்பு, பெரிய இரத்தக்குழாயின் அருகு ஆகிய நான்கு இடங்களில் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே ஒரு துண்டு சிறிதளவு அசைந்தாலே போதும். கண்ணுக்குள் கிடந்த சிறு உலோகத்துகள் ஸ்கானின்போது நகர்ந்து ஒருவருக்கு அந்தக் கண்ணில் பார்வை போனது 1986இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் முகத்தில் காயம் பட்டவருக்கும், வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவருக்கும் முதலில் கண்குழி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அதைக் கேட்கிற நிலையம் உங்களை அலைக்கழிக்கவில்லை, வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சத்திரசிகிச்சைக் காகிதங்களைத் தொலைத்தவர்கள் ஏராளம். எந்த ஆஸ்பத்திரியில் என்ன பிளேட் வைத்தார்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று எழுத்தில் ஒன்றும் இருக்காது. காயத்தைப் பற்றிக் கேட்டாலே வாயை மூடிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் விளங்கக்கூடியது. ஆனால் ஸ்கான் அறைக்கு வெளியே நிரப்புகிற படிவத்துக்குக் காயம் எப்படி வந்தது, யார் சுட்டது என்ற விபரம் தேவையே இல்லை. இடமும் எண்ணிக்கையும் போதும். நல்ல ரேடியோகிராபர் (படம் எடுக்கிறவர்) அதை மட்டும்தான், அதுவும் மற்றவர்களுக்குக் கேட்காத இடத்தில் கூட்டிப்போய்க் கேட்பார். படிவம் தமிழில் இருக்கிறதா, வாசிக்க ஏலாதவருக்கு யாராவது வாசித்துக் காட்டுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். "கையெழுத்து வையுங்கோ" என்று கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டுவது ஆபத்தான பழக்கம்.

எலும்புக்கு வைத்த பிளேட், ஸ்குரூ, கம்பி ஆகியவை வேறு வகை. அவை டைட்டேனியம் அல்லது சத்திரசிகிச்சைக்கென்று செய்த துருப்பிடிக்காத உருக்கு. எலும்போடு இறுகியிருப்பதால் பொதுவாக ஆபத்தில்லை. பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய்க்குப் போட்ட கிளிப், வெளியில் சட்டம் போட்ட கால் என்றால் பொருளின் பெயரும் மொடலும் தெரியாமல் உள்ளே விடக்கூடாது.

ஆபத்து இல்லையென்று தெரிந்தபின்னும் ஒரு கேள்வி மிச்சம்: படம் தெரியுமா? உருக்குத் துண்டு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குழப்பிவிடும். படத்தில் அந்த இடம் கருங்குழியாகவும், ஓரத்தில் பளிச்சென்ற வெள்ளை வளையமாகவும் தெரியும். சில மில்லிமீற்றர் துண்டு அதைவிடப் பல மடங்கு பெரிய இடத்தை மறைக்கும். பாஸ்ட் ஸ்பின் எக்கோ என்ற படமெடுக்கும் முறையில், பாண்ட்வித்தை (சைகையை வாங்குகிற அலைவரிசையின் அகலத்தை)க் கூட்டி, படத்தில் கொழுப்பின் வெளிச்சத்தை அமத்துவதற்கு ஸ்டிர் என்ற முறையைப் பயன்படுத்தினால் குழி சுருங்கும். கிரேடியன்ட் எக்கோ என்ற இன்னொரு முறையில் அது ஊதிப்போகும். 3 டெஸ்லா மெஷினில் இன்னும் மோசம். ஆகவே "எங்களிட்ட 3 டெஸ்லா இருக்கு" என்ற விளம்பரம் பீஸ் உள்ளவருக்குப் பெருமை அல்ல, அவருக்கு 1.5தான் நல்லது. நாரி எலும்புக்குப் பக்கத்திலேயே துண்டு கிடந்து, நாரியைத்தான் பார்க்க வேண்டுமென்றால், காசு கட்டமுதல் ரேடியோலொஜிஸ்டிடம் கேட்டு, எக்ஸ்ரே கதிரால் எடுக்கிற சிடி ஸ்கானுக்கு மாறுவது புத்தி. சிடியிலும் உலோகத்தைச் சுற்றிக் கோடு கோடாக விழும், ஆனால் துண்டு அசையாது.

மற்றப் படங்களோடு ஒப்பிட்டால், எம்ஆர்ஐ எல்லாவற்றையும்விடப் பெரிய ஸ்கான் என்ற எண்ணத்தை முதலில் விடவேண்டும். எக்ஸ்ரேயும் சிடியும் கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதைப் பார்க்கின்றன, அதனால் எலும்பிலும் நுரையீரலிலும் புது இரத்தக்கசிவிலும் கெட்டி. எம்ஆர்ஐ உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசனின் சைகையைக் கேட்கிறது, அதனால் நரம்பு, மூளை, தசைநார், மூட்டுக்குள் உள்ள குருத்தெலும்பு ஆகியவற்றில் அதற்கு ஈடில்லை. ஏ9 வீதியில் மோட்டார்சைக்கிளால் விழுந்து தலை அடிபட்டவருக்கு முதலில் சிடிதான், சில நிமிடத்தில் முடியும், கசிந்த இரத்தம் வெள்ளையாகத் தெரியும். பாரிசவாதம் என்றாலும் அப்படியே: இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலம்தான் பொதுவாக இருக்கிறது, "எம்ஆர்ஐ எடுத்தால்தான் சரியாய்த் தெரியும்" என்று தூர இடத்துக்கு வான் பிடிக்கிற நேரம் அது அல்ல. பித்தப்பைக் கல்லுக்கும் வயிற்றில் பிள்ளையைப் பார்க்கவும் அல்ட்ராசவுண்ட் போதும். சிறுநீரகக் கல்லுக்கு அல்ட்ராசவுண்ட், தேவையென்றால் மருந்து ஏற்றாத சிடி. முழங்கால் மடங்கி விழுந்து சவ்வு அறுந்ததா என்று பார்க்க எம்ஆர்ஐ. கதிர் அளவில், நெஞ்சு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.1 மில்லிசீவேர்ட், தலை சிடி 2 அளவில், வயிற்றுச் சிடி 8 முதல் 10 வரை. இயற்கையாக வருடம் முழுக்க ஒருவர் வாங்குகிற உலகச் சராசரி 2.4. எம்ஆர்ஐக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் இந்தக் கதிர் இல்லை.

நாரி நோவுக்கு எம்ஆர்ஐ எடுப்பதுதான் அதிகம் காசு கரைகிற இடம். வயல் வேலை, மூட்டை தூக்கல் என்று நோ வந்தவர் முதல் கிழமையிலேயே ஓடத் தேவையில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, நோவே இல்லாத 20 வயதினரில்கூட 37 வீதமானோருக்கு டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) தேய்வு படத்தில் தெரிகிறது, 80 வயதில் அது 96 வீதம். ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" (டிஸ்க் பிதுங்கல்) என்று கண்டவுடன் பதறுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கால் பலம் குறைதல், மலசலம் போகிற இடம் விறைத்தல், சலம் போகாமல் கட்டுப்படுதல், காய்ச்சலோடு நோ, காரணமில்லாமல் மெலிதல், புற்றுநோய் வந்த உடம்பு: இவற்றில் ஒன்று இருந்தால் எம்ஆர்ஐ தள்ளிப்போடக் கூடாது. சலம் கட்டுப்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுக்கச் சொல்லியிருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சீரம் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்கவேண்டும். வவுனியாவின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் இதை வெறும் சம்பிரதாயமாக எடுக்கக்கூடாது. எம்ஆர்ஐக்கு ஏற்றுவது கடோலினியம், வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிலீற்றர், 50 கிலோ ஆளுக்கு 10 மில்லிலீற்றர். சிறுநீரகம் மிகவும் பழுதான, ஈஜிஎப்ஆர் (சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கிற அளவு) 30க்குக் கீழே உள்ளவர்களில் பழைய வகை மருந்து தோலையும் மூட்டையும் இறுக்கிவிடும் ஒரு நோயைக் கொண்டுவரலாம் என்பது 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. வளைய அமைப்புள்ள புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. எது ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிடிக்கு ஏற்றுவது அயடீன் மருந்து, சலரோகத்துக்கு மெற்போமின் குளிசை போடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

போகிற நாள். தாலிக்கொடி, காப்பு, தோடு, மூக்குத்தி, அரைஞாண், உலோகக் கூடுள்ள தாயத்து, கொண்டை ஊசி, சட்டைக்குக் குத்திய ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். கழற்ற முடியாமல் இறுகிய மூக்குத்தி இருந்தால் ஊரிலேயே தட்டாரிடம் போய் எடுத்துவிட்டு வருவது நல்லது. சரிகை உள்ள சேலையும் ஆகாது, அந்த இழை சூடேறும். உடை மாற்றக் கவுண் தராமல் வந்த உடுப்போடு படுக்க வைக்கிற நிலையத்துக்கு ஒரு புள்ளி குறைக்கலாம். பொய்க்கால் வெளியே இருக்கவேண்டும். சாதாரண சக்கர நாற்காலி அந்த அறைக்குள் போனால் காந்தம் அதை இழுத்து எறியும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் கொஞ்சமல்ல, ஆகவே காந்தம் பிடிக்காத நாற்காலியோ தள்ளுவண்டியோ அங்கே இருக்கிறதா என்று கோலிலேயே கேளுங்கள். உணர்வில்லாத இடம் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தொடைக்கும் தொடைக்கும், கைக்கும் இடுப்புக்கும் இடையில் துணியோ பஞ்சணையோ வைக்கச் சொல்ல வேண்டும், தோலும் தோலும் ஒட்டி வளையமானால் அதற்குள் மின்னோட்டம் ஓடி எரிகாயம் வரும்.

ஒரு பகுதிக்கு 20 முதல் 30 நிமிடம், மருந்து ஏற்றினால் 40 நிமிடத்துக்கு மேல். சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் கட்டாயம். ஆளைக் கூப்பிடுவதற்குக் கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள். பீஸ் கிடக்கிற இடம் இழுத்தாலோ சூடேறினாலோ உடனே அமத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது. படம் கெடுவதற்குப் பெரிய காரணம் அசைவுதான். விழுங்குவதும் இருமுவதும் கழுத்துப் படத்தைக் கலக்கிவிடும். குழாய்க்குள் மூச்சடைக்கிறதுபோல் வருமென்றால் 70 சென்ரிமீற்றர் வாயுள்ள மெஷினைக் கேளுங்கள், பழையவை 60தான். முழங்காலுக்குக் கால் பக்கமாகவே உள்ளே விடலாம், தலை வெளியில் இருக்கும்.

வெளிக்கிடமுதல் பிலிமோடு, படங்கள் பதிந்த கம்பியூட்டர் தட்டையும் (CD) வாங்குங்கள். பிலிமில் இருப்பது தெரிந்தெடுத்த சில படங்கள், தட்டில் முழுத் தொடரும் இருக்கும், இன்னொரு வைத்தியர் பார்க்க அதுதான் தேவை. ரிப்போர்ட்டில் உலோகத்தால் மறைந்த பகுதி எதுவென்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது எழுதாத ரிப்போர்ட் அரைகுறை, கேட்டு எழுதிப்பெறலாம். துண்டுகள் தெரிகிற எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் "இடது தொடை 2, வலது தோள் 1, கண்குழி எக்ஸ்ரே எடுத்தது, துண்டு இல்லை" என்று திகதியோடு வைத்தியரைக் கொண்டு எழுதுவித்தால், அடுத்த ஸ்கானுக்கு எந்த நிலையத்துக்குப் போனாலும் படிவத்தை அதைப் பார்த்தே நிரப்பலாம்.